விசிலுக்கு ஈடு

“விசில் எதுக்கு? நீ என்ன டிராஃபிக் போலீஸா?”

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வண்டி நிறுத்துமிடத்தில் கேட்ட இந்தக் கேள்வி மூன்றாம் மாடி வரை ஏறியது. பல் தேய்க்கிற சாக்கில் நாலு பால்கனியில் ஆள் நின்றது. யார் யார் என்று சொன்னால் என் பெயரும் வெளியே வரும். கேட்டவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் அவனுக்கு லிஃப்ட்டு என்றே பெயர். கேட்கப்பட்டவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வீட்டு உப்பு டப்பாவில்கூடத் தேதி போட்டுச் சீட்டு ஒட்டுவாள், அதனால் லேபிள். இரண்டு பேருக்கும் நிச்சயமாகி நாலு மாதம்.

படகைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிய இவர்களுக்குத் துணைக்கு என்று அனுப்பப்பட்ட காவல், லிஃப்ட்டின் அக்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வயது நாற்பது, கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை ஹாரன் அடித்தே விரட்டுகிறவள். அவள் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி சண்டையை ரசித்துக்கொண்டிருந்தாள்.

“படகுல இவ்வளவு பாரம் ஏத்தினா முழுகிடும்” என்றான் லிஃப்ட்டு.

“முழுகினா ஊதத்தான் விசில்” என்றாள் லேபிள்.

பதில் இல்லாத ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தான்: அவள் பையிலிருந்து விசிலை எடுத்துக் கீழேயிருந்த தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தான். அவள் அந்த நிமிடமே வாயைப் பூட்டினாள். நூற்றிருபது கிலோமீட்டருக்கும் அந்தப் பூட்டு திறக்கவில்லை.

ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். அங்கே ஒரு பலகை: ‘மலையில் மழை பெய்தால் நீர் திடீரென உயரும்.’ லேபிள் அதை இரண்டு முறை படித்தாள். சாதாரண நாளாக இருந்தால் அதை அவனுக்குப் பத்து முறை வாசித்துக் காட்டியிருப்பாள். ஆனால் பேசக்கூடாதே.

அக்காவைக் கூடாரத்தில் தூங்கவிட்டு, இருவரும் துடுப்புப் படகில் ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஒரு மைல் போனார்கள். ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டு, அதில் ஏழெட்டு மரம். அங்கே யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுவதுதான் அவனுடைய ஜியோகேஷிங். செல்போன் இடத்தைக் காட்டும், நாம் கண்டுபிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதே மதிப்புக்கோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். பெரியவர்கள் விளையாடும் விளையாட்டு என்கிறார்கள், நம்பிக்கொள்வோம்.

வெயிலுக்கு மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் படகிலேயே போட்டார்கள். படகைப் பாதி மணலில் இழுத்துவிட்டார்கள். லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே நிற்பவன் “கட்டியாச்சா?” என்பான், கீழே இருப்பவன் “கட்டியாச்சு” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அடுத்த வேலை. பன்னிரண்டு வருடமாக அவன் அதை மீறியதில்லை. அன்று கேட்கவில்லை. கேட்டால் முதலில் பேசியவன் ஆகிவிடுவானே. கயிறு அவள் பக்கம் கிடந்தது, அவள் கட்டுவாள் என்று அவன் நினைத்தான். படகு அவனுடையது, அவன் கட்டுவான் என்று அவள் நினைத்தாள்.

அரை மணி நேரம் புதரில் தேடினார்கள். ஆற்றின் சத்தம் மாறியதை அவள்தான் முதலில் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் நுரையும் சருகுமாக ஓடியது. மணலைக் காணோம், படகையும் காணோம்.

நீச்சல் அவளுக்கு வராது. அவனுக்கு வரும், ஆனால் அந்த வேகத்தில் வேரோடு ஒரு மரம் உருண்டு போவதைப் பார்த்த பிறகு அவனும் காலை எடுத்து வைக்கவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. கையை வாயருகே வைத்து அவன் கத்தினான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற அவளுக்கே பாதிதான் கேட்டது.

அவள் தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டாள். பத்து நிமிடத்தில் குச்சி முழுகியது.

மேட்டிலிருந்த கடைசி மரத்தில் சாய்ந்தபோதுதான் பொந்துக்குள் டப்பா கைக்குப் பட்டது. திறந்தாள். சாவி வளையம், பொம்மைக் கார், நோட்டு, ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் விசில். இருவரும் விசிலைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பயத்திலும் கைப்பழக்கம் போகாது. நோட்டில் அவள் எழுதினாள்: ‘இரண்டு பேர். 2.40. படகு போய்விட்டது. தண்ணீர் கணுக்கால்.’ எழுதி முடித்ததும், இதை யார் எப்போது படிப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. பிறகு விரலிலிருந்த நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டு மூடி, டப்பாவைப் பொந்திலேயே இறுக்கிச் செருகினாள். எடுத்தால் ஈடு வைக்க வேண்டும். அந்த விசிலுக்கு ஈடாக அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஊதினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தபோது, அவன் வெள்ளத்துக்கு முதுகைக் கொடுத்து, அவளை நடுவில் வைத்து மரத்தைக் கட்டிக்கொண்டான். சருகும் கட்டையும் அவன் முதுகில் மோதின. அப்போதுதான் அவன் வாய் திறந்தது.

“புடிச்சிருக்கியா?”

“புடிச்சிருக்கேன்.”

அவள் மூன்று முறை ஊதுவாள், அவன் கேட்பான், அவள் பதில் சொல்வாள். பதில் கொஞ்சம் தாமதித்தால் அவன் குரல் உடைந்தது. கால் மணலை விட்டு இரண்டு முறை எழும்பியது. இரண்டு முறையும் செத்தோம் என்றே நினைத்தாள்.

கீழே கூடாரத்தில் அக்கா கண் விழித்தபோது, காலிப் படகு ஒன்று மிதவைச் சட்டைகளோடு எதிரில் போய்க்கொண்டிருந்தது. எந்த ஹாரனும் இல்லாமல் செருப்பும் இல்லாமல் காட்டிலாகாச் சாவடிக்கு ஓடினாள். அங்கிருந்த மோட்டார் படகுக்காரர், படகு போன திசையில் கீழே தேடத்தான் கிளம்பினார். மேலேயிருந்து விசில் மெலிதாகக் கேட்டது. படகைத் திருப்பினார்.

அவர்களைப் படகில் ஏற்றியபோது தண்ணீர் அவள் மார்பளவு. உதடு நீலம். “யாரு ஊதினது? நல்ல வேளை விசில் கொண்டுவந்தீங்க” என்றார் அவர்.

“அவதான். அவ கொண்டுவந்ததை நான் எடுத்துப் போட்டுட்டேன்” என்றான் லிஃப்ட்டு, அக்கா காதில் விழும்படியாகவே. அவன் பற்கள் தந்தியடித்தன.

“பலகையைப் படிச்சேன். சொல்லல” என்றாள் அவள்.

மூன்று மாதத்தில் கல்யாணம் ஆயிற்று, மோதிரம் இல்லாமல். வெள்ளம் வடிந்ததும் அவன் தேடிப் போனான். டப்பா பத்திரமாக இருந்தது. நோட்டில் அவள் எழுத்துக்குக் கீழே வேறு யாரோ: ‘மோதிரம் எடுத்தேன். பாட்டில் திறப்பான் வைத்தேன். அருமையான இடம்.’

இப்போது அவர்கள் எங்களுக்கு நேர் எதிர் வீடு. தினமும் படுக்கப் போகும் முன் “கேஸ் அணைச்சாச்சா?” “அணைச்சாச்சு.” “பூட்டியாச்சா?” “பூட்டியாச்சு.” சண்டை போட்ட நாளில் சத்தம் இன்னும் கூடுதல், எதிர் வீட்டுக்காரர்களான நாங்களும் போய் எங்கள் கதவைப் பார்த்துக்கொள்கிறோம்.

அக்காவா? முதலில் நன்றி சொல்ல ஆற்றங்கரைக்குப் போனாள். பிறகு கூடாரத்தில் விட்டுவந்த போர்வையை எடுக்கப் போனாள். நாலாவது தடவை எதற்குப் போனாள் என்று கேட்டதற்கு ஹாரன் அடித்தாள். மோட்டார் படகுக்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோய்விட்டாள். பேருந்தை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள். தினமும் பத்து நிமிடம் தாமதம்.