நாக்கைத் தூக்கிய வீடு

அந்தக் கோடையின் முதல் ஞாயிறன்று, ஆராதனை முடிந்து வந்த கையோடு, நானும் என் கணவர் ஆர்வில்லும் கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தில் குடியேறினோம். சுவரில்லை, கூரையில்லை. சாயம் பூசுவோர் ஓரங்களில் ஒட்டும் நீல நாடாவால் தரையில் கோடிட்டு, இது அடுப்படி, இது குளியலறை, இது கதவு, இது பரணுக்கு ஏறும் ஏணி என்று வகுத்திருந்தோம். சக்கரத்தின்மேல் சிறுவீடு கட்டத் துணிந்தவர் எவரும் முதலில் நாடாவுக்குள் சில நாள் வாழ்ந்து பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருவர் இடித்துக்கொள்ளாமல் புரண்டெழ முடியுமா என்பதைக் காகிதம் சொல்லாது, முழங்கை சொல்லும்.

ஹூட் மலைக்கு அந்தப் பக்கம், ஹூட் ரிவர் என்ற ஊரில், எங்கள் மகள் வில்லா பேரிக்காய்த் தோப்பு வைத்திருக்கிறாள். "வீட்டைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடுங்களேன்" என்று அவள் ஒருநாள் தொலைபேசியில் விளையாட்டாகச் சொன்னதை, ஆர்வில் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இருந்த பெரிய வீட்டை விற்றாயிற்று. பேரி பறிக்கும் காலத்துக்குள் புதிய வீடு உருண்டு போய்ச் சேர வேண்டும்.

பக்கத்து வீட்டு லொரேட்டா எலுமிச்சைச் சாற்றுக் கூசாவோடு வந்து, எங்கள் நாடாவின் விளிம்பில் நின்று, காற்றில் விரலை அழுத்தினாள்.

"டிங் டாங்!"

"கதவு அந்தப் பக்கம், லொரேட்டா! நீ நிக்கிறது என் குளியலறை!" என்று ஆர்வில் அலறினார்.

"அப்ப மூடிக்கிட்டு உக்காரு. இந்த வயசுல எனக்கு இதையெல்லாம் பாக்கணும்னு தலையெழுத்தா?"

நான் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு 'அடுப்படியில்' உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு களிப்பு எங்கள் மேல் இறங்கியிருந்தது. புறாவுக்குப் பொந்து போதும், வண்டுக்குப் பூவின் மடி போதும். படைத்தவன் எங்களுக்கும் அவ்வளவே அளந்து வைத்திருக்கிறான் என்று எண்ணும்தோறும் உடம்பு இறகாயிற்று.

ஒன்று மட்டும் இறகாக மறுத்தது. அது என் மிதி ஆர்கன்.

எங்கள் தேவாலயம் மின்சாரக் கீபோர்டு வாங்கிய ஆண்டு, குப்பை வண்டிக்குப் போகவிருந்த ஆர்கனை நான் வழிமறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வால்நட் மரத்தாலான உடல். உள்ளே இரும்புச் சட்டம். அதனுள் வரிசையாகப் பித்தளை இதழ்கள். காலால் மிதித்துக் காற்றூட்டினால் அது கண்விழித்து, பெருமூச்செறிந்து, தொண்டை திறந்து துதிக்கும். காலையில் காபிக்கு முன் ஒரு பாட்டு என்பது எனக்கும் இறைவனுக்கும் இடையே இருந்த ஏற்பாடு. அந்த ஆர்கன் சிறுவீட்டுக்குள் என்னோடு வருமா என்பதொன்றே எனக்கு அந்தக் கோடை முழுதும் இருந்த கவலை.

ஆர்வில் நாடாவுக்குள் ஆர்கனின் அளவுக்கு இன்னொரு கட்டம் ஒட்டினார். அது பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தை முழுதும் விழுங்கியது.

"இதோ உன் ஆர்கன். இப்ப நான் எங்க உக்கார்றது, ஹேசல்?"

"நின்னுக்கிட்டே இரு. உடம்புக்கு நல்லது."

"முட்டி வலிக்காரனைப் பாத்துப் பேசுற பேச்சா இது? சின்ன வீட்டுக்குள்ள ஒவ்வொரு சாமானும் ஏதாவது வேலை செய்யணும். இது என்ன வேலை செய்யும்?"

"பாடும்."

"நானும்தான் பாடுவேன். எனக்குத் தனியா இடம் கேட்டேனா?"

லொரேட்டா இடையில் புகுந்தாள். "எங்கிட்ட விட்டுட்டுப் போடி. என் முகப்புல வெச்சு மேல ஜெரேனியம் தொட்டியை அடுக்கிடுறேன். நீ கவலையே படாத, தினமும் தண்ணி ஊத்துவேன்."

"ஆர்கனுக்கா?"

"ரெண்டுக்கும்."

சரி என்றது என் வாய். ஆனால், பழைய மரச்சாமான் கிடங்கில் கதவு பொறுக்கப் போனபோது, இடிந்த தேவாலயம் ஒன்றின் பக்கக் கதவைக் கண்டதும் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

"ஏன் இவ்ளோ அகலம்? யானை வளக்கப் போறியா?" என்றார் ஆர்வில்.

"விருந்தாளி வருவாங்க."

"எவ்ளோ குண்டான விருந்தாளி?"

வீட்டைச் சுமக்கப்போகும் சக்கர டிரெய்லர் வந்தது. அதைப் பின்னோக்கித் தள்ளித் தளத்தில் நிறுத்தினார்கள். வண்டியோடு கோக்கும் முக்கோண இரும்பு முனை தெருவைப் பார்த்திருந்தது. அதை நாங்கள் நாக்கு என்போம். நாங்கள் விலைக்கு வாங்கிய வரைபடம் அடுப்படியை நாக்கின் பக்கம் வைத்திருந்தது. ஆர்வில் டிரெய்லரின் வெறும் இரும்புச் சட்டத்தின்மேல் ஏறி, மறுகோடிக்கு நடந்து, அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே ஹூட் மலை. மாலை வெயில் பட்டுப் பனிமுடி தாமரை நிறமாகி, வானத்தில் ஏற்றி வைத்த விளக்குபோல் நின்றது.

"ஹேசல்! அடுப்படியை இந்தக் கோடியில வெச்சா என்ன? பான்கேக்கைத் திருப்பிக்கிட்டே மலையைப் பாக்கலாம்!"

நான் கைதட்டினேன். அவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அடுப்பு, விறகுக் கணப்பு, தண்ணீர்த் தொட்டி, குளியலறை யாவும் பின்கோடிக்கு, அதாவது வாலுக்குப் போயின. நாக்கின் பக்கம் மெத்தையிட்ட ஒரு பெஞ்சும் சன்னலும் மட்டும் எஞ்சின. ஓடப்போகிற வீட்டுக்கு ஓடாத மலையைப் பார்த்துச் சன்னல் வைக்கிறோமே என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. மகிழ்ச்சிக்கு அறிவு கொஞ்சம் குறைவு.

சுவர் எழுப்பும் நாளில் பாடகர் குழு முழுவதும் வந்தது. ஆளுக்கொரு பாத்திரத்தில் உணவு கொண்டுவந்து, உண்டு, உழைத்து, மீண்டும் உண்டார்கள். படுக்கவைத்து ஆணியடித்த சுவரை நிமிர்த்தும்போது, தாழ்குரல் பாடுவோர் கீழே தாங்க, உச்சக்குரல் பாடும் சோப்ரானோக்கள் கயிறு பிடிக்க, நான் தாளம் சொன்னேன். பாட்டின் அடி ஏற ஏறச் சுவரும் ஏறியது. குழுவில் ஆகத் தாழ்ந்த குரல் கிளெம்முடையது. மரலாரி ஓட்டுகிறவன், எங்கள் வீட்டை இழுத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டவனும் அவன்தான். பிறகு கூரை வந்தது. தேவதாருச் சில்லுகள் செதில் செதிலாய்ச் சுவரை மூடின. பரணில் மெத்தை ஏறியது. வனாந்தரத்தில் தன் மக்களோடு கூடாரமாய் நடந்துபோன இறைவன் இந்த வீட்டை நிச்சயம் விரும்புவான் என்று எனக்குத் தோன்றியது. ஆர்கன் மட்டும் அதற்குள் லொரேட்டாவின் முகப்புக்குப் போய்விட்டிருந்தது. காலையில் நான் காபியை நேராகக் குடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறன்று பிரிவு விருந்து வைத்தோம். வீடு முன்பக்கம் ஒரு முட்டுக்கட்டையின்மேல் நாக்கை வைத்துக்கொண்டு நின்றது. சூரியன் சாயும் நேரம். ஆர்வில் உள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"எல்லாரும் ஓடி வாங்க! மலை சிவக்குது! அடுப்படிச் சன்னலுக்கு வாங்க!"

பாடகர் குழு முட்டைக்கோஸ் சாலட்டும் கோழி வறுவலுமாகத் தட்டுகளை ஏந்தி உள்ளே நுழைந்து, வால்பக்கம் திரண்டது. ஆ என்றார்கள். இரண்டாவது ஆ வேறு சுரத்தில் வந்தது. வெளியே நின்ற நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்: டிரெய்லரின் நாக்கு முட்டுக்கட்டையை விட்டு மெல்ல எழுந்தது. கேள்வி கேட்கும் குழந்தையின் கைபோல மேலே மேலே போயிற்று. வீடு வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தது. உள்ளே பெஞ்சின்மேல் வைத்திருந்த சாலட் கிண்ணம் வழுக்கி, வீட்டின் முழு நீளத்தையும் கடந்து, ஆர்வில்லின் காலடியில் போய்க் கவிழ்ந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார் ஆர்வில்.

"அசையாம இருந்தா விடியற வரைக்கும் இப்படியேதான் இருக்கணும்!" என்று உள்ளிருந்து லொரேட்டா கத்தினாள். "யாரோட முழங்கைடா இது? கிளெம், உன்னோடதா?"

"என் முழங்கை சாலட்டுக்குள்ள இருக்கு, லொரேட்டா!"

"சோப்ரானோ எல்லாரும் முன்பக்கம் ஏறி வாங்க, மெதுவா!" என்று நான் ஆணையிட்டேன். அவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறினார்கள். பிறகு நடுக்குரல் ஆல்ட்டோக்கள். நாக்கு தயங்கித் தயங்கி இறங்கி, டெனர் குரல்காரர்களில் கடைசி ஆளும் முன்னேறியதும் தொம்மென்று கட்டையில் அமர்ந்தது. சிரித்துச் சிரித்துப் புல்லில் உருளாதவர் எவருமில்லை. சிரிக்காமல் நின்றவன் கிளெம் ஒருவன்தான். அவன் முழங்கையைத் துடைத்துக்கொண்டு நாக்கையே பார்த்திருந்தான்.

மறுநாள் காலையில் அவன் வாயைத் திறந்தான்.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. நான் கொக்கி மாட்ட மாட்டேன்."

"ஏன்டா? நேத்து அத்தனை பேர் ஒரே பக்கம் நின்னாங்க. ரோட்டுல யாரு நிக்கப் போறா?"

"ஆள் இல்லாமலே நாக்குல பாரம் பத்தல. பாரம் முன்னால உக்காந்தாதான் வண்டி ஒழுங்கா வரும். வால்ல உக்காந்தா மலை இறக்கத்துல உங்க வீடு மீன் மாதிரி வாலாட்டும். அப்புறம் நான் வீட்டை இழுக்குறேனா, வீடு என்னை இழுக்குதான்னு சொல்ல முடியாது."

ஆர்வில் முட்டுக்கட்டையின் அருகே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியைப் பெயர்த்து மறுகோடியில் வைப்பதென்றால் பனிக்காலம் வந்துவிடும். விற்ற வீட்டுக்கு வாங்கினவர்கள் அந்த வாரமே வருகிறார்கள்.

தண்ணீர்த் தொட்டியை வடித்தோம். விறகையும் வார்ப்பிரும்புச் சட்டிகளையும் கருவிப்பெட்டியையும் முன்னால் சுமந்துபோய் அடுக்கினோம். கிளெம் நாக்கின் அடியில் எடைக்கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினான்.

"இன்னும் வேணும். கனமா, கச்சிதமா, சுவரோட சேத்துக் கட்டினா ஆடாம நிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"மண் மூட்டை?" என்றார் மறுபடியும் புல்லில் உட்கார்ந்துவிட்ட ஆர்வில்.

"வீட்டுக்குள்ள மண் மூட்டையா? என்ன, யுத்தமா நடக்குது?" என்றேன்.

வேலிக்கு அப்பால் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது. லொரேட்டா தன் முகப்பில் ஜெரேனியத்துக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். கிளெம் திரும்பினான். ஆர்வில் திரும்பினார். நான் மட்டும் திரும்பாமல் வானத்தில் ஒரு மேகத்தைக் கண்டுபிடித்து அதைக் கவனித்தேன்.

"ஹேசல்," என்றார் ஆர்வில்.

"என்ன?"

"அந்த..."

"எந்த?"

"உனக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. எழுந்து நின்னு யோசி. உடம்புக்கு நல்லது."

அவர் எழுந்தார், தொப்பியையும் கழற்றினார். "உன் ஆர்கன் வேணும்."

"வீட்டுக்கா, உனக்கா?"

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றினார். "ரெண்டுக்கும். அது போனதுல இருந்து காலைல எந்திரிச்சா வீடு ஊமையா இருக்கு. காபி வெறும் காபியா இருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்லிட்டேன், போதுமா?"

கிளெம் அநாகரிகமாகக் காதைக் கூர்மையாக்கியிருந்தான். எனக்குக் கண் கலங்கியது. ஆயினும் சிரிப்பே முந்திக்கொண்டது.

லொரேட்டா இடுப்பில் கைவைத்து நின்றாள். "குடுத்த பொருளைத் திரும்பக் கேக்குறீங்களே, ஜெரேனியத்துக்கு யார் பதில் சொல்றது?"

ஆர்வில் பூந்தொட்டியின் முன் குனிந்தார். "அம்மா தாயே, மன்னிக்கணும். என் வீடு உக்காந்துடுச்சு."

"இன்னும் கொஞ்சம் குனி. அதுக்குக் காது கேக்காது."

கிளெம்மும் அவன் நண்பர்களும் பட்டைக்கயிறு போட்டு ஆர்கனைத் தூக்கினார்கள். படியருகே வந்ததும் ஆர்வில் தலையில் கைவைத்தார். "கதவு! கதவுல இது எப்படி நுழையும்!"

அது நுழைந்தது. இருபுறமும் ஒரு விரல் இடைவெளி விட்டு, மணமேடைக்கு வரும் பெண்போல நிதானமாக உள்ளே போயிற்று. ஆர்வில் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விருந்தாளி வந்தாச்சு," என்றேன்.

பெஞ்சைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் ஆர்கனை நிறுத்தி, சுவர்ச்சட்டத்தோடு இறுகக் கட்டினோம். கிளெம் எடைக்கருவியின்முன் மண்டியிட்டான். அவன் சீழ்க்கையடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"மாட்டலாம் கொக்கியை!"

மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் போனோம். முன்னால் கிளெம்மின் வண்டி. அதன்பின் எங்கள் வீடு. வீட்டின்பின் காரில் நாங்கள். இறக்கங்களில் நான் வாலையே பார்த்திருந்தேன். அது ஆடவில்லை, திருவிழாத் தேர்போல அசையாமல் சென்றது. மேட்டில் ஏறும்போதெல்லாம் குலுக்கலில் ஆர்கன் உள்ளே தானாக ஒரு சுரம் முனகியதாக ஆர்வில் சத்தியம் செய்தார்.

வில்லாவின் தோப்பில் சமதளமான இடம் ஒன்றே இருந்தது. பேரி வரிசைகளுக்கு இடையே மூக்கை நீட்டி நேராக உள்ளே போகத்தான் முடியும், திருப்ப வழியில்லை. கிளெம் கொக்கியைக் கழற்றினான். ஆர்வில் முதல் காரியமாக அடுப்படிக்கு ஓடினார்.

போனவர் சன்னலை விட்டு நகரவில்லை.

"என்னப்பா, மலை தெரியுதா?" என்று வில்லா வெளியிலிருந்து கேட்டாள்.

"ஆடு தெரியுது," என்றார். "உன் ஆட்டுப்பட்டி தெரியுது. அந்தத் தாடிக்காரன் என்னையே பாக்குறான்."

நான் முன்பக்கத்துக்குப் போனேன். ஆர்கனுக்கு மேலிருந்த சன்னலில், பேரி இலைகளின் உச்சியில், ஹூட் மலை முழுவதும் வந்து நின்றது. அதன் மறுமுகத்தை இவ்வளவு அருகில் நான் கண்டதில்லை. வெண்பட்டுடுத்து வழிபாட்டுக்கு வந்தாற்போல் இருந்தது. ஆர்கனின் சிறு இருக்கையில் அமர்ந்தேன். பின்னால் காலடியோசை கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, ஹேசல். நானும் பாக்கணும்."

"உக்கார்றதுன்னா மிதிக்கணும்."

"முட்டி வலிக்காரனை..."

"ஒத்தைக் கால் போதும். இன்னொண்ணு என்னோடது."

அவர் என் அருகே நெருக்கியடித்து அமர்ந்து, இடப்பக்க மிதியில் காலை வைத்தார். நான் வலப்பக்கம் மிதித்தேன். ஆர்கன் பெருமூச்செறிந்து கண்விழித்தது. அவர் முந்தியும் நான் பிந்தியும் காற்றூட்டியதால் முதல் சுரம் ஏப்பம்போல் வெளிவந்தது. ஆட்டுப்பட்டியிலிருந்து தாடிக்காரன் அதற்குப் பதில் சொன்னான். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. காலையும் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே, மலையைப் பார்த்துக்கொண்டே, அன்றைய பாட்டை முதலடியிலிருந்து தொடங்கினோம்.