இடப்பக்கம் அரை அங்குலம்

“மதினி, அண்ணன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேளுங்க. நான் எந்திரிச்சுப் பின்னால ஏறிக்கிடுறேன்.”

“என்னத்தக் கேக்கணும்?”

“முன்சீட்டத்தான். வீட்டு வாசல்ல வண்டி நிக்கி, நீங்க என்னடான்னா மினி பஸ்ஸுக்கு ஓடுறீக. பாக்கிறவுக என்னையல்ல வையிறாக!”

“கேட்டு வாங்கி உக்காரணுமாக்கும்? அவுகளா கூப்பிடட்டும், வாரேன்.”

“யாரு, எங்க அண்ணனா? உங்களுக்குப் பல்லு விழுந்தப்பெறகு கூப்பிடுவாக. அதுவரைக்கும் சீட்டு எனக்குத்தான், சொல்லிட்டேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு, வண்டி கழுவிய ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சிரித்தவன் பெத்தணன், அருணாதேவியின் கொழுந்தன். வெம்பக்கோட்டை அணை நிறைந்து, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்த கார்த்திகை மாதம் அது. அவள் கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகை. புருஷன் ஜெயபாண்டியின் பிக்கப் வண்டியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அணைக்கரை வரைக்கும் போய்வர அவளுக்கு ஆசை. வாய்விட்டுக் கேட்கத்தான் வீம்பு. அதைக் கண்டுகொண்டவன் கொழுந்தன் ஒருவன்தான்.

அடுத்த கார்த்திகைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அதுவும் தள்ளிப்போயிற்று. போன வருஷம் சித்திரையில், தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் பெத்தணன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சீட்டைக் கேட்பதென்றால் செத்தவனை எழுந்திருக்கச் சொல்வதுபோல.

அன்றைக்குக் கோடை மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. கம்பெனிக்குப் போகும் பாதையில் சக்கரத் தடங்களுக்கு நடுவே முதுகுபோல ஒரு மேடு. வண்டி தாழ்வான வண்டி. மேட்டில் வயிறு தட்டி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிட்டது. “நீ முன்னால நடந்து போயி லோட எடுத்து வைக்கச் சொல்லுலே, நான் வண்டியக் கிளப்பிட்டு வாரேன்” என்று தம்பியை அனுப்பியவன் ஜெயபாண்டி. பெத்தணன் இறங்கி, எப்போதும் செய்வதுபோலக் கதவை வெளிப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்தான். சக்கரத்துக்கு அடியில் ஜெயபாண்டி கல்லை அண்டக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

வண்டி தட்டி நின்றதால்தான் அண்ணன் தப்பித்தான் என்று ஊர் சொல்லிற்று. வண்டி தட்டாமல் இருந்திருந்தால் தம்பி தனியாகப் போயிருக்க மாட்டான் என்று ஜெயபாண்டி நினைத்துக்கொண்டிருந்தான். வாயால் சொன்னதில்லை. ஆனால் அருணாதேவிக்குத் தெரியும். ஒரே பாயில் படுக்கிறவளுக்குத் தெரியாதா?

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக அவன் பட்டாசு லோடு ஏற்றவில்லை. மக்காச்சோளம், உர மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று ஓட்டினான். காலையில் வண்டி கிளம்பும்போது அடுப்படியில் இருக்கும் அருணாதேவிக்கு அந்த இரண்டு தட்டு கேட்கும். முதல் நாள் கேட்டபோது கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. ஓடிவந்து பார்த்தாள். ஜெயபாண்டி காலிச் சீட்டின் மேல் சாய்ந்து, இடப்பக்கத்துச் சன்னல் வழியே கையை வெளியே விட்டு, கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டி முடித்த பிறகுதான் கியரைப் போட்டான்.

அந்தச் சன்னலை அவன் ஏற்றுவதே இல்லை. மழை பெய்தாலும் திறந்தே கிடக்கும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, “வரட்டுமாலே?” என்று பக்கத்தில் திரும்பிக் கேட்பான். பதிலுக்குக் காத்திருப்பான். எதைக் கேட்டானோ, தலையை ஆட்டிக்கொண்டு எடுப்பான். அந்தப் பக்கத்துக் கதவை வேறு யாரும் தொட்டதில்லை.

இந்த ஆவணியில் சீசன் சூடுபிடித்ததும் மறுபடி ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை தாயில்பட்டியில் முதல் லோடு. ஜெயபாண்டி சரி என்றான். ஆனால் அதற்கு முன்னால் வண்டியை உயர்த்த வேண்டும், முன்பக்கம் குனிந்திருப்பதை நிமிர்த்திப் பின்பக்கத்துக்குச் சமமாக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும் என்று செந்தூர்பாண்டியின் பட்டறையில் போய் நின்றான். செந்தூர்பாண்டி பள்ளிக்கூடத்துச் சேக்காளி. அருணாதேவியைத் தங்கச்சி என்பவன்.

“மூஞ்சியத் தூக்கணும், சரி மாப்ள. ஒரேயடியாத் தூக்குனா மாமியா வீட்டுக்கு வந்த புதுமாப்ள கணக்கா விறைச்சுக்கிட்டு நிக்கும். கல்லுல ஏறுனா பெட்டி பூராக் குதிக்கும்லே.”

“குதிக்கக் கூடாது. மேட்டுலயும் தட்டக் கூடாது.”

“கூழும் வேணும், மீசையும் நனையக் கூடாது. சரி, பாப்போம்.”

முதல் தடவை தட்டக் கூடாது என்ற பயத்தில் ஜெயபாண்டி அவசரப்படுத்த, முன்சக்கரத்துப் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளை செந்தூர்பாண்டி இறுக்கோ இறுக்கென்று இறுக்கிவிட்டான். அன்று சாயங்காலம் ஜெயபாண்டி வீட்டுக்கு வந்து, “அருணா, ஒரு சொம்புல தண்ணி மோந்து தா, தளும்பத் தளும்ப” என்றான். சும்மாட்டுத் துணியைச் சுருட்டி, அதன் மேல் சொம்பை வைத்து, வண்டியின் பின்தட்டு நடுவில் நிறுத்தினான். கரிசல் பாதையில் ஓடைப்பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். சொம்பு கவிழ்ந்து உருண்டு கிடந்தது.

“வெடிப்பெட்டியா இருந்தா?” என்றான். அவளிடம் கேட்டானோ, பக்கத்துச் சீட்டிடம் கேட்டானோ.

மறுநாள் இறுக்கியதில் பாதியைத் தளர்த்தினார்கள். குலுக்கலைத் தாங்க, அளவுக்கு நீளமான புது ஷாக் அப்சார்பர் மாட்டினார்கள். ஆசைப்பட்ட டயரை விட்டுவிட்டு ஒரே ஒரு அளவு மட்டும் பெரிதாகப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். சாயங்காலம் மறுபடி அருணாதேவி சொம்பை நிறைத்தாள். அவன் வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

வண்டி வந்தது. சத்தமே இல்லாமல் வந்து நின்றது. அவளுக்கு வண்டி வந்தும் வராததுபோல இருந்தது. ஏன் என்று சட்டெனப் பிடிபடவில்லை. ஜெயபாண்டி குதித்து இறங்கி, “பாரு, அலுங்கல குலுங்கல! மேட்டுலயும் தட்டல!” என்று சொம்பைத் தூக்கிக் காட்டினான். ஒரு கையளவு தண்ணீர்தான் சிந்தியிருந்தது. அதுவும் இடப்பக்கமாக. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அவள் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள்.

பட்டாசு ஏற்றும் அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு சங்கிலி உண்டு. ஓடும்போது தரையில் உரசிக்கொண்டே வர வேண்டும். வண்டியில் சேரும் மின்சாரத்தைப் பொறி கிளம்பாதபடி மண்ணில் இறக்கிவிடுவது அதுதான். தேயத் தேயப் புதுக் கண்ணி கோத்து நீளம் பார்ப்பது பெத்தணன் வேலை. தெருமுனையிலேயே அந்தச் சலங்கைச் சத்தம் கேட்டு அவள் உலை வைத்த நாட்கள் எத்தனை! இப்போது வண்டி உயர்ந்துவிட்டது. சங்கிலி தரையைத் தொடாமல், இரண்டு விரற்கடை மேலே, அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“என்னங்க, சங்கிலி எட்டல.”

ஜெயபாண்டி வந்து பார்த்தான். வெளிச்சம் அணைந்துவிட்டது.

“அவன் பாத்துக்கிடுவான்னு விட்டுட்டேன்” என்றான், மெதுவாக.

அவள் பார்க்காவிட்டால் திங்கட்கிழமை இதோடு கிளம்பியிருப்பான். இல்லாதவன் பார்த்துக்கொள்வான் என்று நம்பி, இருக்கிறவன் நெருப்புக்கு நடுவில் போய் நிற்பான். அவளுக்கு முதல் தடவையாகக் கொழுந்தன் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் கண்ணும் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூர்பாண்டியே வீட்டுக்கு வந்தான். வானம் மூட்டமாக இருந்தது. ராத்திரி பெய்த தூறலில் வேப்பமரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு முதலில் கண்ணி கோத்துத் தரையைத் தொட வைத்தான். பிறகு, சமதளமான இடம் என்று வண்டியைச் சோளம் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் நிறுத்தச் சொல்லி, டேப்பைப் பிடித்து நாலு மூலையிலும் உயரம் பார்த்தான். முன்னும் பின்னும் சமம். வலமும் இடமும்தான் சேரவில்லை.

“இடது முன்பக்கம் அரை அங்குலம் இறங்கி நிக்கி. நேத்துச் சரி பண்ணித்தானே விட்டேன்!” தலையைச் சொறிந்தான். “ரோட்டோரத்துப் பள்ளம் பூரா இடது சக்கரந்தானே வாங்கும். கம்பி களைச்சுப் போச்சு. அதோட, நம்ம பெத்தணன் ஆளு சும்மாவா? ஒரு மூட்டைக்கு மேல கனப்பான். வருசக்கணக்கா அங்கனயே உக்காந்து வந்தவன். இன்னும் ஒரு சுத்து இறுக்கினாச் சரியாப் போகும்.”

“இறுக்க வேண்டாம்” என்றான் ஜெயபாண்டி.

“என்னலே?”

“அது அப்படியே இருக்கட்டும்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? ஸ்டியரிங்க ஒடிச்சா டயரு மட்கார்டுல உரசுது. இந்தா, ரப்பர் தேஞ்சு மினுங்குது பாரு. லோடு ஏத்தினா இன்னும் இறங்கும். பட்டாசு வண்டியில உரசிச் சூடேறலாமாலே?”

செந்தூர்பாண்டி அருணாதேவியைப் பார்த்தான். அவள் மறுபடி ஓட்டிப் பார்க்க நிறைத்த சொம்பும் கையுமாகக் களத்தின் ஓரத்தில் நின்றாள்.

“சரி, வம்பே வேண்டாம். ஓட்டும்போது எப்படி இருக்குமோ அப்படி வச்சு அளப்போம். நீ ஸ்டியரிங்ல உக்காரு. இந்தப் பக்கம் யாராச்சும் ஏறுங்க. ரெண்டு பக்கமும் ஆள் கனம் இருந்தாத்தான் அளவு நெசமா வரும்.”

ஜெயபாண்டி ஏறி உட்கார்ந்தான். கதவைச் சாத்திக்கொண்டான். “யாரும் ஏற வேண்டாம். அளலே.”

“ஆளில்லாமயா?”

“ஆளில்லன்னு உனக்கு யாரு சொன்னா?”

செந்தூர்பாண்டியின் கையிலிருந்த டேப் சர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது. அவன் வண்டியின் இடப்பக்கத்தைப் பார்க்காமல் இரண்டடி தள்ளிப் போனான். வேப்பமரம் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி இடப்பக்கமாக லேசாகச் சாய்ந்து, யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோலவே நின்றது.

அருணாதேவி சொம்பைக் களத்தில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். இப்போது பேசாவிட்டால் திங்கட்கிழமை அவன் போவான். உரசுகிற டயரோடு போவான். வரட்டுமாலே என்று கேட்டு, வா என்று எது சொல்கிறதோ அதன் பேச்சைக் கேட்டுப் போவான். அவள் நடந்து இடப்பக்கத்துக் கதவண்டை போனாள். சீட்டுத் துணி மழையில் நனைந்து கறுத்திருந்தது. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்ததுபோலக் குழி.

கையைத் தூக்கி, கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஜெயபாண்டி திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் நிற்பதைப் பார்த்தான். இத்தனை நாளில் அந்தப் பக்கம் திரும்பியவன் உயிருள்ள ஒரு முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“கொழுந்தனாரு அன்னைக்கே சொன்னாக” என்றாள். “ஒரு வார்த்தை கேளுங்க மதினி, நான் எந்திரிச்சுக்கிடுறேன்னு. நீங்களாக் கூப்பிடுவீக, நீங்களாக் கூப்பிடுவீகன்னு நான் வீம்புக்கு இருந்துட்டேன். இப்பக் கேக்கேங்க. உங்க பக்கத்துல, அந்தச் சீட்டுல, என்னைய உக்கார விடுங்க.”