அறிவியலுக்கு நிறம் கிடையாது

1987 ஆடி மாதம் வரை உலகத்து அறிவியல் முழுவதும் சிதறித்தான் கிடந்தது. அதைத் தல்லாகுளத்தில், எங்கள் கல்லூரி நூலகத்தின் பின்னறையில், இரண்டு பிளாப்பிகளுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்தவன் நான். இதில் மிகை எதுவும் இல்லை. எம்.எஸ்சி.யில் எனக்கு இரண்டு பேப்பர் பாக்கி என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் இருப்பதால் அந்த அறைக்குள் செருப்போடு வரக்கூடாது. கல்லூரியிலேயே ஏ.சி. அங்கே மட்டும்தான். வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். உள்ளே கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் குளத்துப் பாசிபோல மிதக்கும். தலைப்பு, ஆசிரியர், வருடம், குறிச்சொல் என்று, இதழ்களில் வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் கட்டம் கட்டமாக அடிப்பேன். கொஞ்ச நேரத்தில் அடிப்பது நானா, தூக்கமா என்று தெரியாது. வண்டுகளும் எரிநட்சத்திரங்களும் உப்புக் கரைசல்களும் வரிசையில் வந்து, என்னிடம் எண் வாங்கிக்கொண்டு போகும்.

ஒரு மதியம் சங்கிலி செருப்போடு உள்ளே வந்தான். பரவைக்காரன், மல்லிகைப் பூச்சிகளைப் பற்றி பி.எச்டி. செய்கிறவன்.

"மாப்ள, மல்லிகை மொட்டு செவந்து உதிருதுல்ல, அதுக்குக் காரணமான ஈயைப் பத்தி ஒரு கட்டுரை, போன வருசம் இங்கதான் படிச்சேன். யாரு எழுதுனதுன்னு குறிக்காம விட்டுட்டேன். நாலு மணிக்கு கைடு ஊருக்குக் கெளம்புறாரு. ஆதாரம் இல்லேன்னா மூணாவது சாப்டரத் தூக்கிருன்னுட்டாரு."

மூன்றாவது சாப்டர் என்பது அவனுடைய இரண்டு வருடம்.

"இதெல்லாம் ஒரு விசயமா?"

மல்லிகை என்று ஆங்கிலத்தில் அடித்தேன். இயந்திரம் முனகியது. பூஜ்யம். மொட்டு: பூஜ்யம். ஈ: நூற்றுப் பன்னிரண்டு, எல்லாம் வீட்டு ஈ.

"தலைப்பு என்னடா?"

"தலைப்பு தெரிஞ்சா ஒன்கிட்ட எதுக்கு வாரேன்? ரோஸ் அட்ட போட்ட புக்கு. அம்புட்டுத்தான் ஞாபகம்."

"அறிவியலுக்கு நிறம் கிடையாது மாப்ள. ரோஸ் வேணும்னா ஜவுளிக் கடைக்குப் போ."

நூலகத்தில் இதழ்களை அடுக்கும் ஜெயக்கொடி அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"வெளுத்த ரோஸா தம்பி, பஞ்சு மிட்டாய் ரோஸா?"

"வெளுத்ததுக்கா. முதுகுல டீக்கறை."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அலமாரிகளுக்கிடையே அவர் சேலை மறைந்தது. மூன்றரைக்கு இதழோடு வந்தார். தலைப்பில் ஈயின் லத்தீன் பெயர் மட்டும் இருந்தது. என் வரிசையில் எண் 1406. குறிச்சொல்லையும் தலைப்பிலிருந்தே எடுத்து அடித்திருந்தேன். கட்டுரையைப் படி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

சங்கிலி ஓடினான். நாலேகாலுக்குத் திரும்பி வந்து கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினான்.

"சாப்டர் தப்பிச்சிருச்சு மாப்ள. அக்காகிட்டச் சொல்லிரு."

அக்கா டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன். 1406ஐத் திறந்து மல்லிகை என்ற குறிச்சொல்லைச் சேர்த்தேன், அது கௌரவத்துக்கு. பிறகு, வருடத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'வெளுத்த ரோஸ்' என்று அடித்தேன்.

அடுத்த இதழை எடுத்தேன். அட்டை பச்சையா, நீலமா என்று பிடிபடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.