வால்வைத் திருப்பிய கை

அட்டைத் தொழிற்சாலைக்குக் கண்ட்ரோல் இன்ஜினியராக வந்தவளை எல்லோரும் "லாப்லாஸ் மேடம்" என்றார்கள். முதல் கூட்டத்தில் லாப்லாஸ் என்ற கணித மேதையின் பெயரை அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதுவே ஒட்டிக்கொண்டது. கூப்பிட ஆள் அதிகம் இல்லாததால் பெயர் தேயவும் இல்லை.

அவளுக்குக் கொடுத்த அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு வெள்ளைப் பலகை. ஆலையின் அதிர்வு தரை வழியாகக் காலுக்கு வரும். பேச்சுச் சத்தம் வராது. மதியம் டப்பாவைத் திறந்தால் எதிரே அவள் எழுதிய சமன்பாடுகள்தான்.

ஈர அட்டை நீளமான அடுப்பின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் காய்ந்து வரும். வெப்பம் குறைந்தால் நீராவி வால்வைத் திறக்க வேண்டும், கூடினால் மூட வேண்டும். இதைச் செய்ய ஒரு தானியங்கிக் கருவி இருந்தது. திறந்தால் அளவு தெரியாமல் திறந்தது, மூடினால் ஒரேயடியாக மூடியது. வெப்பம் ஊஞ்சலாடியது.

"இதை நீங்க அடக்கிக் குடுத்துட்டா ஷிஃப்டுக்கு ஒரு ஆப்பரேட்டர் போதும் மேடம்," என்றார் மேனேஜர். "இப்ப ரெண்டு பேர் உக்காந்து வாயடிச்சிட்டு இருக்காங்க. இது முடிஞ்சா மத்த அடுப்பு எல்லாம் உங்களுக்குத்தான்."

"சரி சார்," என்றாள். யார் இருப்பது, யார் போவது என்பதெல்லாம் தன் வேலை இல்லை என்று அப்போது நினைத்தாள்.

அடுப்பின் போக்கை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி லாப்லாஸ் உருமாற்றத்தில் போட்டாள். அதில் காலம் மறைந்து s என்ற எழுத்து வந்துவிடும். பிறகு வெறும் பெருக்கலும் வகுத்தலும். உள்ளே போட்டதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள உறவை ஒரு பின்னம் சொல்லிவிடும். பின்னத்தின் கீழ்ப்பகுதி சுழியாகும் இடங்களுக்குத் துருவங்கள் என்று பெயர். அவற்றை வரைந்து பார்க்கும் தளத்தில் எல்லாம் இடப்பக்கம் இருந்தால் ஆட்டம் தானாக அடங்கும். ஒன்று வலப்பக்கம் போனாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பொருளைத் திறந்து பார்க்காமலே அதன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பதால்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள்.

காலை நேரப் பதிவுகள் கணக்கோடு ஒத்துப்போயின. சாயங்காலப் பதிவுகள் முரண்டு பிடித்தன. மேனேஜரின் கார் வெளியே போனதும் திரையில் வெப்பம் காட்டும் கோடு அமைதியாகிவிடும். வெப்பம் விழுவதற்கு முன்பே வால்வு திறந்திருக்கும். கருவிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. யாரோ அதை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுகிறார்கள். பதிவில் வால்வும் வெப்பமும் மட்டுமே உண்டு. திருப்பிய கை யாருடையது என்பது இல்லை.

அன்றே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கைக்கும் ஒரு பின்னம் எழுதிப் பார்த்தாள். கச்சிதமாக வந்தது. முதலில் வேகமாக ஏற்றும். சற்றுப் பொறுத்து, ஏற்றியதில் பாதியை இறக்கிவிடும். சுள்ளென்று கோபப்பட்டு, உடனே தன் தவறு தெரிந்து இறங்கி வருகிற ஒருவர். தினமும் காலையில் முதல் வேலையாக முந்தைய நாள் சாயங்காலத்தின் கோட்டைத் திறந்தாள். அறிக்கைக்கு அத்தனை நாள் பதிவுகள் தேவையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"பேச்சுத் துணைக்கு யாராவது கிடைச்சாங்களா, இல்ல சுவத்தையே பாத்துட்டு இருக்கியா?"

"ஒருத்தர் இருக்காரு." சொன்ன பிறகுதான் உறைத்தது. "ரொம்ப நல்ல மாதிரி. கொஞ்சம் அதிகமாப் போனாலும் தானே திருத்திக்குவாரு."

"அடி சக்கை! ஆளு எப்படி இருப்பாரு?"

"பாத்ததில்லக்கா. கோட்டைத்தான் பாத்திருக்கேன்."

"மாப்பிள்ளை போட்டோ காட்டினப்பவும் நீ பின்னாடி சுவத்துல இருந்த கடிகாரத்தைத்தானே பாத்தே," என்றாள் அக்கா.

அந்தக் கையின் பின்னத்தையே கருவிக்குக் கொடுத்துக் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஆட்டம் அடங்கியது. இனி அறிக்கை கொடுக்க வேண்டியதுதான். கொடுத்தால் கருவி அந்தக் கையைப் போலவே ஓட்டும். கைக்கு வேலை இருக்காது. அதற்கு முன் ஆளை ஒரு தடவை பார்த்துவிட நினைத்தாள். எப்போது இறக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? அதைக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் மேனேஜர் கிளம்பியதும் கண்ட்ரோல் ரூமுக்கு இறங்கிப் போனாள். கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது.

"மறுபடியும் ஏத்திட்டீங்களா அண்ணி?"

"ஈர அட்டை உள்ள போகுதுடி. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அதுக்காக இவ்ளோவா? அட்டையை வறுத்துத் திங்கவா போறோம்?"

"நீ எப்படியும் இறக்கத்தான் போறே. அதான் சேத்தே ஏத்துறேன்."

"நீங்க சேத்து ஏத்துறதாலதான் நான் இறக்குறேன்!"

உள்ளே இரண்டு பெண்கள். மூத்தவள் அடுப்பின் நுழைவு தெரியும் ஜன்னலோரம் இருந்தாள். இளையவள், மூத்தவளின் கணவனுடைய தங்கை, அட்டை காய்ந்து வெளியே வரும் முனை தெரியும் ஜன்னலோரம். ஆளுக்கொரு குமிழ், இரண்டும் ஒரே வால்வுக்கு. இவளைக் கண்டதும் இளையவள் அணைத்திருந்த கருவியை மறுபடி ஓடவிடப் பாய்ந்தாள்.

"விடுங்க, தெரியும்," என்றாள் இவள். "வால்வை ஓட்டுறது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள்.

"வேற யாராவது?"

"எங்க ரெண்டு பேருக்கே இந்த ரூம் பத்தல மேடம்," என்றாள் மூத்தவள். "யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்ல."

இளையவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "உங்க மெஷின் வந்தா ஒருத்தர் போதும்னு பேசிக்கிறாங்க. எங்கள்ல யாரு மேடம் போகணும்?"

"இவ போகட்டும்," என்றாள் அண்ணி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இவ போயிட்டா நான் யார்கிட்ட கத்துவேன்? வீட்டுல இவ அண்ணன் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்," என்றாள்.

லாப்லாஸ் மேடம் படியேறினாள்.

மறுநாள் அந்தப் பின்னத்தை இரண்டாகப் பிரித்தாள். அண்ணியை மட்டும் வைத்து ஓட்டினால் துருவங்கள் வலப்பக்கம் போயின. வெப்பம் வெறிபிடித்து ஆடியது. நாத்தனாரை மட்டும் வைத்தால் அடுப்பு ஆறிக்கொண்டே போனது. கருவியிலும் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. திடீரென்று அதிக ஈரமான அட்டையைக் கணக்கில் நுழைத்தாள். கருவி தடுமாறியது. அதற்கு வெப்பம் மட்டுமே தெரியும். அட்டை வருவது தெரியாது. முன்கூட்டியே உணரும் மனம் என்று அவள் நினைத்தது ஜன்னலில் இருந்த ஒரு ஜோடிக் கண்கள். தன் தவறு தெரிந்து இறங்கி வருவது என்று நினைத்தது இன்னொருத்தியின் எரிச்சல்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பின்னமாக எழுதிய இந்த மாடல் அடுப்பினுடையது அல்ல. கருவிக்கு ஈரத்தை அளக்க வழி செய்யாதவரை கையால் ஓட்டுவதுதான் சரி. இரண்டு பேரும் வேண்டும்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "அப்ப இத்தனை நாளா எதைத்தான் மேடம் மாடல் பண்ணீங்க?"

"ஒரு சண்டையை."

அவர் சிரிக்கலாமா என்று பார்த்தார். அவள் முகத்தில் அதற்கு அனுமதி இல்லை.

"சரி, ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டும்," என்றார். "மத்த அடுப்புக்கு வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

அந்த ஆலையில் அவளுடைய கடைசி நாள் காலையில், வேலை எதுவும் இல்லாதபோதும், முந்தைய சாயங்காலத்தின் கோட்டைத் திறந்தாள். ஏறியது அண்ணி. இறங்கியது நாத்தனார். மறுபடி அண்ணி. ஒவ்வொரு வளைவிலும் யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவள் காதில் கேட்டது. அக்காவிடம் சொன்ன அந்த ஒருவரை எவ்வளவு முயன்றும் அவளால் மறுபடி அதில் பார்க்க முடியவில்லை.

தன் பின்னத்தின் கோட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. அதற்குள் யாரும் இல்லை.