ஈஸ்டர் கழியட்டும்

"கிருபா, கையக் கீழ போடு!"

பிரகாசம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த கரோலின் அம்மாளுக்குக் கேட்கவில்லை. பிரகாசத்தின் மகள் ஜோஸ்லினுக்கு மாமியாராகப் போகிறவள் அவள். சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த கிருபாவதியின் கை, தன்னையறியாமல் இடது மார்புக்குப் போயிருந்தது. அங்கே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலியே இல்லை, அதுதான் அவளுக்குப் பயம்.

"ஏனுங்க, டாக்டரம்மா ஊசி டெஸ்டுக்கு வரச் சொன்னாங்களேங்க. போயிட்டு வந்தரலாங்களா?"

ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "ஸ்கேன் படத்த வெச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாதுங்கம்மா. ஊசியில துளி சதை எடுத்துப் பாத்தாத்தான் புத்துநோயா, இல்ல சாதாரணக் கட்டியான்னு உறுதியாகும். தள்ளிப் போட்றாதீங்க."

பிரகாசம் பீளமேட்டில் பம்பு கம்பெனி சூப்பர்வைசர். மோட்டாரில் லேசாகச் சத்தம் மாறினாலும் அப்போதே கழற்றிப் பார்த்துவிடுவார். பெண்டாட்டி மோட்டாரைவிட மட்டம்போல.

"ஊசி பட்டா உடம்பெல்லாம் பரவிப்போடும். எங்க பெரியம்மா அப்பிடித்தான் போய்ச் சேந்தாங்க."

"அதெல்லாம் பரவாதுன்னு அந்தம்மா சொன்னாங்களேங்க."

"ஆஸ்பத்திரியில நம்ம கோயில் பங்குக்காரங்க எவனாச்சும் பாத்துப்போட்டா? தாய்க்கு இருக்குது, மகளுக்கும் வரும்னு சம்பந்தமே முறிஞ்சுபோகும். புள்ள கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கல்யாணம் சட்டென்று முடிகிற காரியமா? அப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம். கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்துமஸ் கழிந்தால் மாப்பிள்ளை கிளமென்டுக்கு லீவு இல்லை. லீவு கிடைத்தபோது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கல்யாணம் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால் டெஸ்ட் ஆகாது. எல்லாம் ஈஸ்டர் கழியட்டும்! வெள்ளிதோறும் சிலுவைப்பாதை வழிபாட்டில் முழங்கால் போட்டு ஆண்டவருடைய பாடுகளுக்காகக் கண்ணீர் விட்டார் பிரகாசம். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவளுடைய பாடு அந்தப் பாவி மனுஷனின் கண்ணில் படவேயில்லை.

"ஏம்மா, கையத் தூக்க முடியலையா?" என்று ஒருநாள் ஜோஸ்லின் கேட்டாள்.

"ஊக்கு குத்திருச்சு கண்ணு" என்றாள் கிருபாவதி.

ஈஸ்டர் கழிந்தது. மேளம் கொட்டி, தாலி ஏறி, மறுவீட்டு விருந்தும் முடிந்த பிறகுதான் ஊசி டெஸ்ட் நடந்தது. புற்றுநோயேதான். எலும்புவரை பரவியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது.

"இத்தனை மாசம் எங்கம்மா போனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். கிருபாவதி புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

சேதி தெரிந்து கரோலின் அம்மாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள், மகனையும் கூட்டிக்கொண்டு. அங்கே சேர்க்கப்பட்டுப் படுத்திருந்த கிருபாவதியை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சுப்போட்டீங்களே! உங்க மகளுக்கும் டெஸ்ட் எடுங்க. ஒண்ணுமில்லைன்னு டாக்டரு எழுதிக் குடுத்தா எங்க ஊட்டுக்கு வரட்டும். இல்லாட்டி உங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

கிளமென்ட் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். அம்மா எதற்காக அத்தனை மாதம் ஊமையாக இருந்தாள் என்று ஜோஸ்லினுக்கு அப்போதுதான் விளங்கியது.

பிரகாசம் மகளை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினார்.

"இன்னைக்கே பாத்துப்போடுங்க டாக்டர். இதுலயெல்லாம் ஒரு நாள்கூடத் தாமசிக்கக் கூடாதுங்க!"

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஜோஸ்லினை உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்தாள்.

மகள் வெளியே வந்ததும் பிரகாசம் பரபரத்தார். "அம்மணி, என்ன சொன்னாங்க? எழுதிக் குடுத்தாங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. எழுதி வாங்கல. அந்த ஊட்டுக்கு நான் காட்டவும் போறதில்ல, போகவும் போறதில்ல. அம்மாகூடத்தான் இருப்பேன்."

"ஐயோ அம்மணி, சம்பந்தம் என்னாகிறது?"

"அதத்தான் இத்தனை மாசமாக் காப்பாத்துனீங்களே. இப்ப எங்கம்மாவக் காப்பாத்திக் குடுங்க!" அவள் அழுகையில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பிரகாசம் பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மெதுவாப் பேசு அம்மணி. நம்ம பங்குக்காரங்க யாராச்சும் கேட்டுப்போடப் போறாங்க."