பூசணியா, தக்கையா, பழசா

நாள் முழுக்க நான் கேட்பது ஒரே கேள்விதான். "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்முன் ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றைப் போட்டு, இதையே கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிடும். வீட்டுக்கு வந்தாலாவது விடுதலை உண்டா என்றால், அங்கே என் மனைவி கூடத்தின் நடுவில் மூன்று டயர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, இதை அமுக்கிப் பாருங்க. இப்ப அதை. எது கெட்டியா இருக்கு?"

அவள் ஒற்றைச் சக்கர சைக்கிளில் குதிப்பவள். ஓட்டுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓட்டுவது யாரும் செய்யலாமாம். ஒரு சக்கரம், ஒரு இருக்கை, இரண்டு பெடல், அவ்வளவுதான் அந்த வண்டி. அதன் மேல் நின்றபடியே தவளை மாதிரி எம்பி, மரப் பேலட் அடுக்கின் மேலும் சிமெண்ட் திட்டின் மேலும் ஏறி இறங்குவது அவள் விளையாட்டு. காலை முதல் மதியம் வரை பெயின்ட் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறாள். அங்கே சரக்குக்கு அடியில் வைக்கும் பலகைச் சட்டம்தான் பேலட். கழித்துப் போடும் பேலட்டுகளெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் வந்து சேரும். "நாப்பது வயசுல இந்தக் குரங்கு வேலை அவளுக்கு எதுக்கு மாப்ள? நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று மாமியார் போனில் கேட்பார். சொல்லிப் பார்த்தவன் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்!

போன மழைக்காலத்தில் பழைய சந்தை வளாகத்தில் இடுப்புயரத் திட்டு ஒன்றிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். இடது கணுக்கால் முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரி நடைவழியில் அன்று நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். அதற்குப் பிறகு அவள் குதிக்கும்போது நான் பார்ப்பதில்லை. முதுகைத் திருப்பி நின்றுகொள்வேன். காதுதான் எனக்குக் கண். 'தொப்' என்று கேட்டால் நல்லபடியாக இறங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

கால் ஆறியது. டாக்டரும் பார்த்துவிட்டுக் குதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு கெடு வைத்தாள். இப்படிக் குதிக்கிறவர்களின் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருக்கிறார், குழாய் வேலை செய்பவர். யார் எதன் மேல் ஏறினாலும் இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பார், அதனால் பெயரே விசில். "இந்த மாசக் கடைசிக்குள்ள அந்தத் திட்டு மேல ஏறிட்டா ஏறினேன். இல்லேன்னா சைக்கிளை விசில்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் அதைப் பத்திப் பேச்சே கிடையாது" என்றாள். சொன்னால் செய்கிற ஜென்மம் அது. அந்த சைக்கிள் இல்லாத வீட்டில் அவள் எப்படி வளைய வருவாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்குத்தான் இந்த டயர் ஆராய்ச்சி. அந்த வண்டியில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. டயருக்குள் இருக்கிற காற்றுதான் ஸ்பிரிங். காற்று கூடினால் பந்து மாதிரி கண்ட பக்கம் எகிறும், குறைந்தால் இறங்கும்போது ரிம் தரையில் இடித்து முதுகெலும்பு வரை கேட்கும். மூன்று டயருக்கும் நான்தான் பெயர் வைத்தேன். ஒன்று பூசணி. வயிறு பெருத்தது, கனம், நிறையக் காற்று பிடிக்கும். கோணலாக இறங்கினாலும் கோபித்துக்கொள்ளாது. "அது கத்துக்குட்டிங்க போடற டயருங்க" என்று அவள் அதை ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். இன்னொன்று தக்கை. கையில் எடுத்தால் எடையே தெரியாது, உயரம் ஏற அதைப் போல இல்லை, ஆனால் நேராக இறங்கவில்லையென்றால் பக்கம் மடிந்துவிடும். மூன்றாவது, விழுந்த அன்று மாட்டியிருந்த பழசு. ரப்பர் மெத்தென்று இருக்கும், கல்லோ மரமோ ஒட்டிப் பிடிக்கும்.

சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். முழங்கால் உயரத்திலிருந்து போட்டு எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, மேலே என்ன மாவு இடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாட்டுவதும் கழற்றுவதும் என் இலாகா. நாள் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்களை வளைத்து நிமிர்த்துகிற விரல்களாயிற்றே! அதில் ஒரு வழக்கம் உண்டு. குதிக்கிறவர்கள் எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துத்தான் குதிப்பார்கள். என் மனைவிக்கு இடது கால். இடது பெடல் முன்னால் வந்து நிற்கும்போது எங்கள் சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வு சரியாகக் கீழே இருக்கும். ஆக, எத்தனை தடவை குதித்தாலும் வால்வை ஒட்டிய அந்த ஓர் இடம்தான் அடி வாங்கும், அங்கேதான் தேயும். எதிர்ப்பக்கம் புதுசாகவே இருக்கும். அது தேய்ந்ததும் டயரைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டிவிடுவேன். மொட்டை எதிர்ப்பக்கம் போய்விடும், புது ரப்பர் வால்வுக்கு வந்துவிடும். பழசை அப்படித் திருப்பி மாட்டிய அதே வாரம்தான் அவள் விழுந்தாள்.

நான் கடையிலிருந்து வருவதற்குள் அவள் பின்பக்கம் பழகி முடித்திருப்பாள். வந்ததும் புகார் ஆரம்பிக்கும். பூசணி தூக்கவே மாட்டேன் என்கிறது. தக்கை இறங்கும்போதெல்லாம் மடிகிறது. காற்றை ஏற்று, காற்றை இறக்கு, இதைக் கழற்று, அதை மாட்டு. என் கட்டைவிரல் இரண்டும் வீங்கிப் போயின. ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"உனக்கு டயர் பிரச்சினையே இல்ல. பயம். ஒத்துக்கயேன்."

அவள் டயரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வாய்க்கு வாய் பேசுகிறவள் அப்படிப் போனது எனக்கு என்னவோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழசையே மாட்டச் சொன்னாள். சந்தை வளாகத்துக்குப் போனோம். விசிலும் இன்னும் நாலைந்து பேரும் அங்கே பேலட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு, பூட்டிய கடைகளின் ஷட்டரைப் படித்துக்கொண்டு நின்றேன். 'தொப்' என்று கேட்கவில்லை. 'சர்ர்' என்று ஒரு சத்தம், அடுத்து பெடல் மரத்தில் இடிக்கிற சத்தம். திரும்பினால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. அவள் ஏறப் பார்த்தது திட்டுகூட அல்ல, இரண்டே பேலட் உயரம். விசில் வாயருகே கொண்டுபோன விரலை மெல்ல இறக்கினார்.

"பூசணி கனம்னேன். தக்கை மடியுதுன்னேன். இதுலதாங்க நான் எல்லாத்து மேலயும் ஏறினேன். இதுலயும் சறுக்குதுன்னா டயரைச் சொல்லி என்ன பிரயோசனம்? நான்தான் முடிஞ்சுட்டேன்" என்றாள். "சாயந்திரம் விசில் வீட்டுல குடுத்துட்டு வந்துடுங்க."

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இனி ஆஸ்பத்திரி நாற்காலி இல்லை. வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததில் அந்த நிம்மதியும் கரைந்துவிட்டது.

மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், விசிலிடமிருந்து வாங்குகிறவர் புதிதாகப் பழகுகிறவராகத்தான் இருப்பார், பூசணியையே மாட்டிக் கொடுப்போம் என்று பழசைக் கழற்றினேன். பூசணியைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். புது டயரில் மயிர் மாதிரி ரப்பர் முளைகள் இருக்கும் அல்லவா? எழுத்து அச்சடித்த இடத்தை வால்வுக்கு நேராக வைத்துத்தான் நான் எப்போதும் மாட்டுவேன். அந்த இடத்தில் முளைகள் அப்படியே இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, டயரின் ரப்பர்க் கட்டைகளின் ஓரமும் மழுங்கியிருந்தது. நான்தான் மாற்றி மாட்டிவிட்டேனோ என்று தக்கையை எடுத்தேன். அதிலும் அதே கதை.

வெறும் சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றினேன். வால்வு கீழே வந்தது, இடது பெடல் முன்னால் இருந்தது. இன்னும் அரைச் சுற்று. வால்வு மேலே போனது. இப்போது வலது பெடல் முன்னால்.

பழசை எடுத்து எதிர்ப்பக்கத்தைத் தடவினேன். நான் திருப்பி ஒதுக்கி வைத்திருந்த மொட்டை, வழவழவென்று, சரியாக அங்கேதான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு சைக்கிளைக் கொண்டுபோய் விசிலிடம் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் ஆயுசுக்கும் தான் முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. சக்கரத்தையும் டயர்களையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"எந்தக் கால் முன்னால வச்சுக் குதிக்கற?"

"எப்பவும் போலத்தான்" என்றாள், துணியைப் பார்த்தபடி.

"கதை விடாத."

பூசணியை அவள் மடியில் போட்டேன். முளை இருக்கிற பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் காட்டினேன். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"இடது காலை முன்னால வச்சு எம்பினா தகடு இருக்கற இடத்துல ஊசி குத்தற மாதிரி வலிக்குது. அது இனிமே அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் மாத்திக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நிறுத்துன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

"எழுதற கையை மாத்திக்கிட்ட மாதிரி இருக்குங்க. உடம்பு ஒண்ணு நினைக்குது, கால் வேற ஒண்ணு செய்யுது. இத்தனை வருஷம் குதிச்சுட்டு ஒத்த பேலட் மேல ஏறத் தடுமாறறேன்னு யார்கிட்ட சொல்றது? விசிலுக்கு மட்டும் தெரியும். பார்த்துட்டாரு. சொல்லாதீங்கன்னு கெஞ்சி வச்சிருந்தேன்."

"ஆக ஊருக்கே தெரிஞ்சிருக்கு, வீட்ல இருக்கற எனக்குத்தான் தெரியல!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் பழசை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இதைத் தடவு. எதிர்ப்பக்கம். இது எங்க வரும்னு இப்ப நீயே சொல்லு."

அவள் உள்ளங்கை அந்த மொட்டையில் போய்ப் போய் வந்தது.

"காலைல நீ சறுக்கல. நான் சறுக்க வச்சிருக்கேன்" என்றேன். "தேஞ்ச ரப்பரைக் கொண்டுபோய் உன் புதுக் காலுக்கு அடியில வச்சுட்டேன். இதுல யார் நின்னாலும் சறுக்கும்."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் தலையணை உறையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க கடைக்கும் உன்னை மாதிரி ஆளுங்க வருவாங்க" என்றேன். "வலது கண்ணுக்குப் போட்ட கண்ணாடியை இடது கண்ணுக்கு வச்சுப் பார்த்துட்டு, கண்ணாடி சரியில்லைன்னு சண்டைக்கு நிப்பாங்க."

"நீங்க ஒருத்தர்தான் பாக்கி, கிண்டல் பண்ணுங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். ஆனால் மூன்று டயர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக மறுபடி அமுக்கிப் பார்த்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை. தக்கையைத்தான் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள், அது எவ்வளவு உயரம் தூக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பூசணியை என் பக்கம் தள்ளினாள்.

"இதைப் போடுங்க."

"கத்துக்குட்டிங்க டயராச்சே?"

"கத்துக்குட்டிதானே" என்றாள்.

டயரை மாட்ட ஆரம்பித்தேன். எழுத்து இருக்கிற பக்கத்தை, முளைகள் கலையாத அந்தப் புது ரப்பரை, வாழ்க்கையில் முதல் தடவையாக வால்வுக்கு எதிர்ப்பக்கமாக வைத்து மாட்டினேன். மாசக் கடைசி, திட்டு என்ற பேச்சை அதற்குப் பிறகு இரண்டு பேருமே எடுக்கவில்லை.

மறுநாள் கடையில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பேலட்டைப் போட்டு வைத்திருந்தாள். கட்டைவிரலால் டயரை அமுக்கி, கொஞ்சம் காற்றை இறக்கி, சைக்கிளில் ஏறி நின்றாள். என் கால் தன்னால் திரும்பியது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"ஏங்க."

"என்ன?"

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"நீ குதி. நான் இங்கதான் இருக்கேன்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து உங்க முதுகைத்தான் பார்த்துட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தா எந்தக் கால்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம், திரும்புங்க."

திரும்பினேன். வால்வு மேலே இருந்தது. வலது கால் முன்னால் இருந்தது. இடது கால் பின்னால், அதன் கணுக்காலில் தையல் போட்ட தழும்பு. தோள் இரண்டும் ஆடின, முழங்கால் நடுங்கியது, பூசணி நின்ற இடத்திலேயே பொத்துப் பொத்தென்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இப்படியெல்லாம் நடுங்குவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

எம்பினாள். கோணலாகத்தான் போய் இறங்கினாள். தக்கையாக இருந்தால் மடிந்திருக்கும். பூசணி வயிற்றை நசுக்கிக்கொண்டு தாங்கிப் பிடித்தது. இரண்டு கையையும் காற்றில் துழாவி, ஒரு சாண் உயரத்தில், ஒரே ஒரு பேலட்டின் மேல் அவள் நின்றாள்.

இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன். இன்னொரு தடவை குதி, பார்க்கறேன்."