இடது காலின் மேல் விழுந்த பழி

அவளுக்கு ‘ஆஃப் ராணி’ என்று பட்டம் சூட்டியவர் வேறு யாருமில்லை, தாலி கட்டிய புருஷன்தான். மூன்று மாதமாகக் கார் ஓட்டப் பழகுகிறாள், இன்னும் வண்டியை ஆஃப் செய்யாமல் கிளப்பத் தெரியவில்லை என்றால் மனுஷன் சும்மா இருப்பாரா?

இத்தனைக்கும் கைராசிக்காரி. ரத்தப் பரிசோதனை லேபில் இருபது வருஷ அனுபவம். அழுகிற குழந்தைகூட அவள் ஊசி குத்தியது தெரியாமல் கையை நீட்டிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்ட கைக்குச் சொந்தக்காரிக்குக் கால் மட்டும் எப்படி இப்படி வாய்த்தது என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு, டிரைவிங் மாஸ்டர் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரை அவள்தான் முதலில் எடுப்பாள். சாவியைத் திருகியதும் வண்டி குளிர் ஜுரம் வந்தது போல நடுங்கும். இடது காலைக் கிளட்ச்சிலிருந்து மெல்ல எடுத்தால், பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி திருகுவாள், மறுபடி அணையும். ஐந்தாறு தடவை மானத்தை வாங்கிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து வண்டி பரம சாதுவாக ஓடும்.

“பாத்தீங்களா? பத்து நிமிஷம் ஆனா கால் பழகிடுது. காலைல உங்க கால்தான் இன்னும் தூங்குது மேடம்” என்பார் மாஸ்டர். “ஒம்பது மணிக்குப் பழக வர்ற சலூன்காரரைப் பாருங்க. இதே வண்டிதான். ஒரு தடவை ஆஃப் பண்ணியிருப்பாரா?”

இரண்டு முறை லைசென்ஸ் தேர்வுக்குப் போனாள். மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். அன்றைக்குப் பழகாமல், அதே காரில் காலை ஏழு மணிக்கு முதல் ஆளாகப் போய், மூன்று முறை ஆஃப் செய்து, பதறி, வியர்த்து, தோற்று, எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டாள். மூன்றாவது தேர்வு இந்த வெள்ளிக்கிழமை.

திங்களன்று மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “இந்தத் தடவை வேணாம் மேடம். வியாழக்கிழமை மத்தியானம் லிஸ்ட் குடுக்கணும். உங்க பேரை எடுத்துடறேன். ஆறு மாசம் போகட்டும்.”

அவளுக்கு ஆறு மாதம் இல்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே காரில் போய் ரத்தம் எடுத்துவர லேபில் ஆள் தேடினார்கள். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் இருந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. ஜன்னலே இல்லாத அறையில் இருபது வருஷம் உட்கார்ந்தவளுக்கு அந்த வேலையின் மேல் எவ்வளவு ஆசை என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. மாஸ்டரிடம் “சரி” என்று சொல்லிவிட்டு வந்து, லேபில் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு காகிதத்தோடு நின்றாள். “அக்கா, இவருக்குச் சர்க்கரை தாறுமாறா காட்டுது. உடனே போன் பண்ணிச் சொல்லிடவா?”

“கண்ட்ரோல் போட்டியா?”

கண்ட்ரோல் என்றால் விடை முன்பே தெரிந்த சாம்பிள். அதை ஓட்டினால் மெஷின் உளறுகிறதா என்று தெரிந்துவிடும்.

“இல்லக்கா.”

“என்னடி நீ! காலைல முதல் சாம்பிள். மொதல்ல மெஷினைச் சந்தேகப்படு, அப்புறம் மனுஷனை…”

சொன்னவள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். முகம் தெரியாதவன் ரத்தத்துக்கெல்லாம் இருபது வருஷமாகக் காட்டிய நியாயத்தைத் தன் சொந்தக் காலுக்கு ஒரு நாள்கூடக் காட்டவில்லையே! தன்மேலேயே கோபமாக வந்தது. ஆனால் வயிற்றுக்குள் சிரிப்பும் கிளம்பியது.

புதன்கிழமை ஆறு மணிக்குச் சலூன்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். அவர் சாவியைத் திருகினார். வண்டி நடுங்கியது. அணைந்தது. நாலு தடவை அணைந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள், இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கப்பட்டாள்.

“என்ன சார், ராத்திரி தூங்கலையா?” என்றார் மாஸ்டர்.

“மாஸ்டர், நாளைக்குக் காலைல நீங்க எடுங்க” என்றாள் அவள்.

“நானா? இருபத்திரண்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன் மேடம்!”

“அதனாலதான்.”

வியாழன் காலை மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். வேடிக்கை பார்க்கச் சலூன்காரரும் கடைப் பையோடு வந்துவிட்டார். வாசலில் மாஸ்டரின் மனைவி. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி யாருக்கும் பாரபட்சம் காட்டாமல் அணைந்தது. இரண்டாவது தடவையும் அணைந்தது.

“ஏங்க, உங்க காலும் தூங்குதா?” என்றாள் மனைவி. பிறகு மாடியைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

மாடியில் குடியிருக்கும் மச்சினன் மெக்கானிக். வண்டியை ஒரு தடவை காட்டுங்கள் என்று ஒரு வருஷமாகக் கேட்டு வருபவன். மச்சினனிடம் போய் நிற்பதா என்று மாஸ்டர் வீறாப்பாக இருந்தார். அவன் வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தான்.

“சூடாகறதுக்குள்ள பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணி அப்படியே விடுங்க மாமா, கிளட்ச்சைத் தொடாதீங்க.”

பானட்டைத் திறந்தான். இன்ஜின் குலுங்கிக்கொண்டிருந்தது. சலூன்காரர் பையிலிருந்து தலைமுடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை வாங்கி, ரப்பர் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாக அடித்தான். ஒரு மெல்லிய குழாயின் அடிப்பக்கம் தண்ணீர் பட்டதும் இன்ஜினின் சத்தம் சட்டென்று மாறியது.

“இதான் திருடன். முடி அளவுக்கு வெடிச்சிருக்கு. காத்து உள்ள போகுது, பெட்ரோல் பத்த மாட்டேங்குது. சூடானா ரப்பர் உப்பி வெடிப்பு மூடிக்கும். அப்புறம் வண்டி உத்தமன்.”

“நிச்சயமா இதுதானா?” என்றார் மாஸ்டர், கடைசி நம்பிக்கையோடு.

அவள் கைப்பையைத் திறந்தாள். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்து, அந்தக் குழாயை வெடிப்போடு சேர்த்து இறுக்கிச் சுற்றிப் பிடித்தாள். நடுக்கம் நின்றது. இன்ஜின் ஒரே சீராக உறுமியது. பட்டையைத் தளர்த்தினாள், நடுங்கியது. இறுக்கினாள், அடங்கியது.

மாஸ்டர் இறங்கி வந்து அவள் முன் நின்றார். “மூணு மாசமா உங்க காலைத் திட்டிட்டேன் மேடம். தப்பு என் மேல. மன்னிச்சுடுங்க.”

“லிஸ்ட்ல பேரு?”

“முதல் பேரே உங்களுதுதான்.”

மத்தியானத்துக்குள் மச்சினன் புதுக் குழாய் மாட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை காலை வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. மைதானத்தில் அதிகாரி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் பூப்போல எடுத்து, வளைந்து, பின்னால் வந்து, எல்லாம் சரியாகச் செய்தாள். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போதுதான், சந்தோஷ மிகுதியில் கிளட்ச்சைச் சீக்கிரம் விட்டுவிட்டாள். வண்டி அணைந்தது.

வேலிக்கு வெளியே மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் உடம்பில் ஒரு படபடப்பும் இல்லை. பிரேக்கை இழுத்தாள், நியூட்ரலுக்கு வந்தாள், சாவியைத் திருகினாள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் ஏற்றத்தைத் தாண்டினாள்.

“வண்டியில ஏதாவது கோளாறா?” என்றார் அதிகாரி.

“வண்டி தங்கம் சார். இது என் தப்பு” என்றாள், வாயெல்லாம் பல்லாக.

அவர் பேனாவைத் திறந்தார். “ஏத்தத்துல ஆஃப் ஆனா பழைய டிரைவரே பதறிடுவாங்க. நீங்க எங்கம்மா இதை இவ்வளவு நிதானமா கத்துக்கிட்டீங்க?”

“மூணு மாசமா, தினமும் காலைல ஆறு மணிக்கு, இதை மட்டும்தான் சார் பழகினேன்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.